ஏறி வந்த லாரி

மூஞ்சிக்கல் குழாயடியில் எனக்கு முன்னால் வந்து நின்று, எனக்குப் பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டு போன ஒரே மனிதர் அவர்தான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. நான் கொடைக்கானலில் இருந்த ஆறு வருஷமும் அப்படித்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தால் தன் வாளியை ஒதுக்கி வைப்பார். மூச்சிரைக்க ஒரு பெரியவர் வந்தால் ஒதுக்கி வைப்பார். ஒரு காரணமும் இல்லாமல் திமிராக ஒருவன் வந்து குடத்தை நுழைத்தாலும் ஒதுக்கி வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணே, உங்களுக்கு வாய் இல்லையா? அவனுக்குக் கையும் காலும் நல்லாத்தானே இருக்கு?"

"அவரு வீடு மேல லைன்ல இருக்கு டீச்சரம்மா. கொடத்தத் தூக்கிக்கிட்டு ஏறணும். நாம எறங்கித்தானே போகப்போறோம்."

நான் டீச்சர் இல்லை. வெள்ளைக்காரர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சரம்மாதான். அவரை நான் அண்ணே என்றேன். ஊர் மெக்கானிக் என்றது. அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னை விட முதலில் அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

மெக்கானிக் ஆவதற்கு முன்னால் பத்து வருஷம் வத்தலக்குண்டு ரோட்டில் லாரி ஓட்டியவர். மலை ரோட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த போர்டிலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லா டிரைவருக்கும் தெரியும். இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. பாரத்தோடு ஏறுகிறவன் பாதியில் நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம், பின்னால் உருண்டாலும் உருளும். மற்ற டிரைவர்கள் இதை ரோட்டோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த மனிதர் வாழ்க்கை முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஏற்றத்தில் வருகிறவராகத்தான் தெரிந்தது. தான் மட்டும் எப்போதும் இறக்கத்தில் போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு.

பட்டறையிலும் இதே கதைதான். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பங்களாவை வாங்கியிருந்த மதுரை மில்காரர் ஒரு நாள் தன் காரோடு வந்து நின்றார். பிரேக் இறுக்க வேண்டும், மத்தியானத்துக்குள் கீழே இறங்க வேண்டும் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வடகவுஞ்சியிலிருந்து டீக்கடைக்காரி ஒருத்தி பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டவ் எரியவில்லையாம். நம் ஆள் காரை விட்டுவிட்டு ஸ்டவ்வைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். மில்காரர் முக்கால் மணி நேரம் நின்றார்.

"எங்கிட்ட டிரைவர் இருக்கான், இன்னொரு கார் இருக்கு, அதனாலதான் நிக்க வைக்கிறியா?" என்றார் மில்காரர்.

"ஆமாங்க" என்றார் இவர், ஸ்டவ்விலிருந்து தலையைத் தூக்காமல்.

நக்கல் இல்லை. நிஜமாகவே அதுதான் காரணம். ஆனால் அந்த 'ஆமாங்க'வை மில்காரர் மறக்கவில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் கன்னிவாடியிலிருந்து தந்தி வந்தது, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று. பஸ் போய்விட்டது. நான் அழுதுகொண்டு ஓடிய ஓட்டத்தில் போய் நின்ற இடம் அவர் பட்டறைதான். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஜீப்பை, அதன் சொந்தக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டு வாங்கி வந்து, என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அது வரைக்கும் தெய்வம். அதற்கப்புறம் மலை இறங்கி முடிப்பதற்குள் பதினோரு இடத்தில் நிறுத்தினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஏறி வரும் பஸ்ஸுக்கு, லாரிக்கு, ஒரு தடவை மாட்டு வண்டிக்கு!

"எங்கப்பா செத்துக்கிட்டு இருக்காரு அண்ணே! ஹாரன் அடிச்சிட்டுப் போங்க!"

"அந்த மாட்டுக்கு அது தெரியாதும்மா. மூச்சு வாங்குது பாருங்க" என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எழுதுகிற மாதிரி வார்த்தைகள் இல்லை. வீட்டுக்குப் போனால் அப்பா தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயுப் பிடிப்பாம். திரும்பி வரும்போது நாங்கள் ஏற்றத்தில் வந்தோம். எல்லோரும் எங்களுக்கு ஒதுங்கினார்கள். "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். சிரிப்பும் வந்தது, அவரை ஒரு அறை அறையலாமா என்றும் இருந்தது.

அவருடைய பட்டறை என்று சொன்னேன் அல்லவா, அது அவருடையது அல்ல. அதே மில்காரர் வாங்கிய பங்களாவின் கார் கொட்டகை. முன்பு அங்கே இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் சீமைக்குக் கப்பலேறும்போது சாவியை இவர் கையில் கொடுத்து, "நீ வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். துண்டுச் சீட்டுக்கூட எழுதித் தரவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். கொட்டகையின் பின் மூலையில் சாக்குகளுக்கு அடியில் அந்த இன்ஜினியருடைய பழைய பந்தயக் கார் கிடந்தது. இரண்டே ஸீட், மேலே கூரை கிடையாது, ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். பங்களா கைமாறியபோது காரும் மில்காரருக்குப் போயிற்று. கொட்டகையை இடித்துவிட்டு விருந்தாளிகளுக்கு அறை கட்டப்போகிறேன், காலி பண்ணு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனிலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம். டெலிவிஷன் என்றால் என்னவென்று கொடைக்கானலில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சினிமாவைக் கம்பி இல்லாமல் வீட்டுக்கே அனுப்புவார்கள் என்று நான் விளக்கினேன். "டிக்கெட் யாரு கிழிப்பா?" என்று கேட்டார்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய கார்களைத் தேடிப் பிடித்து, ஓட வைத்து, பந்தயம் விட்டுப் படம் எடுப்பது அவர்கள் சோலி. நாலு பேர். தலைவரைப் படக்காரத் துரை என்று ஊர் அழைத்தது. பள்ளிக்கூடம் என்னை அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அனுப்பியது.

மில்காரருக்குத் தன் கார் லண்டனில் தெரியப்போகிறது என்றதும் தலைகால் புரியவில்லை. எதிராக ஓட்டுவதற்கு ஒரு காப்பித் தோட்டக்காரரின் மகன் தன் புத்தம்புதுக் காரோடு வந்தான். மில்காரருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் கிளப்பில் ஏற்கெனவே ஆகாது. என்னையும் துரையையும் வைத்துக்கொண்டு மில்காரர் இவரிடம் சொன்னார்: "என் வண்டிய ஓட வச்சு, நீயே ஓட்டி ஜெயிச்சுக் குடு. கொட்டகைய உனக்கே எழுதித் தாரேன். தோத்தா ஒரு வாரத்துல காலி பண்ணிடணும்."

ஆறு வாரம் அந்த மனிதர் உழைத்த உழைப்பை நான் என் கண்ணால் பார்த்தேன். ஸீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பிஸ்டன் இறுகிப் போயிருந்தது; சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் காத்திருந்தார். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையிலிருந்து செம்புத் தகடு வாங்கி வந்து எஞ்சின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டைக் கையாலேயே வெட்டினார். சக்கரத்தின் கம்பிகளைச் சைக்கிள் கடை பாய் ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கொடுத்தார். ஏரிக்கரைக் குதிரைக்காரரிடம் பழைய சேணத்து வாரைக் கேட்டு வாங்கி, எஞ்சினை மூடுகிற பேனட்டைக் கட்டினார். இதற்கிடையில் பம்ப் ஸ்டவ்வும் தையல் மிஷினும் வந்துகொண்டேதான் இருந்தன. அவற்றையும் பார்த்துக் கொடுத்தார். "ஒரு மாசத்துக்குக் கதவைச் சாத்திட்டு உங்க வேலையப் பாருங்க" என்று நான் கத்தினேன். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

எஞ்சின் முதல் தடவை உறுமியபோது பஜாரே திரும்பிப் பார்த்தது. மறுநாள் வெள்ளனே யாருக்கும் சொல்லாமல் பெருமாள்மலை வரைக்கும் இறங்கி, அங்கிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்துவிட்டார். முகமெல்லாம் பல். ஆனால் துரை, பந்தயம் இறக்கத்தில்தான் என்றார். கிழட்டு எஞ்சின் ஏறாது, இறங்கினால் வேகமும் நன்றாகத் தெரியும் என்றார்.

"எறங்குறதுல என்னங்க பந்தயம் இருக்கு? உருட்டி விட்டா கல்லுகூடத்தான் எறங்கும். ஏறச் சொல்லுங்க, ஏறிக் காட்டுறேன்" என்றார் இவர். நான் மொழிபெயர்த்தேன். துரை சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். தோளைத் தட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ரோடு ஒடுக்கம் என்பதால் இரண்டு காரும் சேர்ந்து ஓட முடியாது. முதலில் தோட்டக்காரர் மகன், பத்து நிமிஷம் கழித்து இவர். கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை வரை. யாருக்குக் குறைந்த நேரமோ அவர் ஜெயித்தவர். கீழேயிருந்து எந்த வண்டியும் வராமல் தடுக்க மில்காரர் தன் பங்களாத் தோட்டத்து ஆளைச் சிவப்புக் கொடியோடு பெருமாள்மலையில் நிறுத்தியிருந்தார். நான் நடுவழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில், இரண்டாவது கேமராவோடு, துரைக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கேமரா படம் மட்டும் எடுக்கும், சத்தம் பிடிக்காது.

தோட்டக்காரர் மகன் கிறீச்சிட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவனுடைய ஹாரன் விடாமல் அலறுவது கேட்டது. அப்புறம் முனகிக்கொண்டு ஒரு சத்தம் ஏறி வந்தது. லாரி. செங்கல் பாரம். பின்னால் கிளீனர் கையில் மரக்கட்டையோடு ஓடி வந்தார், வண்டி நழுவினால் சக்கரத்துக்கு அடியில் போட. கொடிக்காரர் ஜீப்புகளை நிறுத்தினார், கார்களை நிறுத்தினார், ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தினார். பாரம் ஏற்றி ஏறுகிற லாரியை மட்டும் விட்டுவிட்டார். அப்புறம் மில்காரர் அவரைப் பிடித்து உலுக்கியபோது, "ஏறுற லாரிய எப்படிங்க நிறுத்தச் சொல்றீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். மலைக்காரர் வேறென்ன கேட்பார்?

தோட்டக்காரர் மகன் ஹாரன் அடித்து லாரியை ஏற்றத்தில் நிறுத்திவிட்டு இடுக்கில் நுழைந்து போயிருக்கிறான். அதை மறுபடி கிளப்பியதில் கிளட்ச் தீய்ந்து, நாற்றம் எங்கள் வளைவு வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சிவப்பு வண்டி வந்தது. என்ன வேகம்! கேமராவுக்குப் பின்னால் இருந்தவரே 'ஆ' என்றார். லாரி ஒரே ஒரு நிமிஷம் நின்றால் போதும், பள்ளத்துப் பக்கமாக இவர் போய்விடலாம். துரை கத்தினார், நிறுத்தச் சொல் என்று. நானும் லாரியைப் பார்த்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

நின்றது லாரி அல்ல. சிவப்பு வண்டி நின்றது. ரிவர்ஸ் போட்டு, அகலமான இடம் வரைக்கும் பின்னாலேயே ஏறி, மலைச் சுவரை ஒட்டி ஒதுங்கி நின்றது. லாரி முனகிக்கொண்டு கடந்து போக முழுசாக மூன்று நிமிஷம் ஆயிற்று. நான் காலால் தரையை உதைத்தேன். இவர் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்தபடி லாரி டிரைவரிடம், "அண்ணாச்சி, கிளட்ச் வாட வருது. மேல தண்ணித் தொட்டிகிட்ட நிறுத்தி ஆற வைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கிளம்பினார். இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் தோற்றார்.

"ஒரு செங்கல் லாரிக்காரனுக்காக கெடைக்க இருந்த கொட்டகைய விட்டுட்டியேடா, முட்டாள்" என்றார் மில்காரர். ஒரு வாரம் தவணை இருந்தும் இவர் இரண்டே நாளில் காலி செய்தார். காலி செய்த கொட்டகையைக் கூட்டிவிட்டு வேறு வந்தார்! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு அதற்கடியில் உட்கார்ந்தார். கொடைக்கானல் மழை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அந்த விருந்தாளி அறை கடைசி வரை கட்டப்படவே இல்லை. கொட்டகை பூட்டியே கிடந்தது.

பந்தயத்தன்றே இன்னொன்று நடந்தது. அதையும் மறைக்கக் கூடாது. ஏன் நிறுத்தினார் என்று துரை கேட்டார். மலை ரோட்டுச் சட்டத்தை விளக்கினேன். "எங்கள் ஜனங்களுக்கு இது விளங்காது. எஞ்சின் நின்றுவிட்டது என்றால் யாருக்கும் விளங்கும்" என்றார் துரை. பிறகு இவரைக் கூப்பிட்டு, பேனட்டைத் திறந்து சுத்தியலோடு நிற்கச் சொன்னார். எதற்கு என்று இவர் என்னைக் கேட்டார். "சும்மா ஒரு படத்துக்காம் அண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே நின்றார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என இன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அன்றைக்கு எனக்கு இவர் மேல்தான் ஆத்திரம். படட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறு வருஷம் அந்தப் படத்தின் சுருள் ஒரு தகரப் பெட்டியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹாலின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மில்காரர் முன் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். இவரையும் அழைத்திருந்தார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்த நாற்காலியை மூன்று பேருக்கு மூன்று தடவை விட்டுக் கொடுத்து, கடைசியில் எனக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றார்.

திரையில் சிவப்பு வண்டி பாய்ந்து வந்தது. ஹாலே கைதட்டியது. அடுத்த நொடியில் வண்டி மலைச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. லாரி இல்லை, லாரியைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். கிழட்டு எஞ்சின் இங்கே உயிரை விட்டுவிட்டது, பாவம் மலை மெக்கானிக், அவருக்குத் தெரிந்தது சுத்தியல் வைத்தியம்தான் என்று இங்கிலீஷ் குரல் வேடிக்கையாகச் சொன்னது. சுத்தியலோடு சிரிக்கும் இவர் முகம் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எதுக்குச் சிரிக்குறாங்க? என்ன சொல்றாரு டீச்சரம்மா?"

சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், முடியவில்லை. கொட்டகை போனபோதுகூட மாறாத முகம் அது. அன்றைக்கு மாறியது.

விறுவிறுவென்று நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வெளிச்சத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். "நிறுத்துங்க. அந்த எடத்த மறுபடி போடுங்க" என்றார்.

உட்காருங்கள் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. மில்காரர் சீறினார். "ஏலே, மறைக்குதுல்ல? ஒதுங்குப்பா!"

"மறைக்கட்டும்" என்றார் இவர். "டீச்சரம்மா, இங்கிலீசுல சொல்லுங்க. வெரசாச் சொல்லுங்க."

சொன்னேன். நடுங்காமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். நாம் ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்ற வண்டியைத்தான் பார்த்தோம், சுத்தியல் படம் பொய், அந்தப் பொய்க்கு நானும் உடந்தை என்று சேர்த்தே சொன்னேன். புரொஜக்டர் ஓட்டிக்கொண்டிருந்த இளம் வாத்தியார் யாரையும் கேட்காமல் சுருளைப் பின்னால் சுற்றினார்.

மறுபடி வண்டி பாய்ந்து வந்தது. மறுபடி நின்றது. இவர் எட்டித் திரையில், பேனட்டைக் கட்டியிருந்த வாரின் நுனியில், விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. வாரு நடுங்குது. செத்த எஞ்சினு நடுங்குமாங்க?"

எல்லோரும் பார்த்தோம். தொங்கிக்கொண்டிருந்த வாரின் நுனி விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"சரிப்பா, எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன இப்போ?" என்றார் மில்காரர். "கொட்டகையத் திருப்பிக் கேக்குறியா?"

"கொட்டகைய நீங்களே வச்சுக்கங்க. எறங்குனவன் நான், பிரேக்கப் போட்டதும் நான்தான். வண்டி செத்துப்போச்சுன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது."

திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. சுருள் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்து வந்த சுத்தியலும் சிரிப்பும் திரையில் விழ இடமில்லாமல் அவருடைய சலவைச் சட்டையின் முதுகில் விழுந்தன. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.